வெயில்ல ஆள் வச்சு வேலை வாங்குறியா? அக்கா சொல்றதைக் கேளு!

மார்ச் பிறந்தாச்சு. மழைக்கு முன்னாடி தளம் போட்டுடணும்னு வீடு கட்டுற எல்லாரும் பறக்கிற நேரம். நீயும் ஒரு பக்கம் ஆபீஸ், ஒரு பக்கம் பேங்க் லோன், நடுவுல சிமென்ட் கடை பாக்கின்னு ஓடிக்கிட்டுதான் இருப்பே. அதனால சுத்தி வளைக்காம சொல்றேன், கேட்டுக்கோ. உன் மனையில சாரம் ஏறுற கொத்தனார், பாண்டு தூக்குற சித்தாள், கம்பி கட்டுற பையன், இவங்க யாரும் வெயில்ல விழக்கூடாது. "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவார்"னு தள்ளிவிடாதே. மேஸ்திரிக்கு அடுத்த சைட் காத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு வேலை இன்னைக்கே முடியணும்ங்கிற அவசரம் அவருக்கு. அந்த அவசரத்தைக் குறைக்க உன்னாலதான் முடியும், ஏன்னா பணம் கொடுக்கிறது நீ.

"அவங்க வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க, பழகின உடம்பு"ன்னு ஒரு பேச்சு இருக்கு. அதை முதல்ல விட்டுடு. உழைக்கிற உடம்பு தனக்குள்ளேயே சூட்டை உண்டாக்கும். வேர்வை காஞ்சாத்தான் அந்தச் சூடு வெளியே போகும். வெளியில அனல் அடிக்குது, வேலையும் கடுமை, குடிக்கத் தண்ணியும் இல்லன்னா வேர்க்கிறதுக்கு உடம்புல என்ன இருக்கும்? ரத்தத்துல நீர் குறையும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், சூடு ஏறிக்கிட்டே போகும். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினா மூளை, ஈரல், சிறுநீரகம்னு ஒவ்வொண்ணா பாதிக்கும். கவனிக்காம விட்டா உயிரே போயிடும். இருபது வயசுப் பையனுக்கும் இதே கதிதான்.

1. புது ஆளை முதல் நாளே முழு வெயில்ல நிறுத்தாதே

எல்லாரும் செய்யுற பெரிய தப்பு இது, அதனாலதான் முதல்ல சொல்றேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா சொல்ற கணக்கைப் பாரு. வெளிவேலையில வெயிலால இறக்கிறவங்கள்ல 50 முதல் 70 சதவீதம் பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள்லயே இறக்கிறாங்க. உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகின உடம்பு சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், வேர்வையில உப்பையும் கம்மியா விடும். பழகாத உடம்புக்கு இந்த ரெண்டும் கிடையாது.

அதனால புதுசா வந்தவருக்கு முதல் நாள் ஐந்துல ஒரு பங்கு வெயில் வேலைதான். எட்டு மணி நேர வேலைன்னா ஒண்ணரை மணி நேரம், அவ்வளவுதான். மீதி நேரம் நிழல்ல உட்கார்ந்து ரிங் வளைக்கட்டும், ஆணி பிடுங்கட்டும், சாமான் அடுக்கட்டும். தினமும் ஐந்துல ஒரு பங்கு கூட்டிக்கிட்டே போ. அஞ்சாவது நாள் முழு வேலை.

பழைய ஆள்தானேன்னு அலட்சியமா இருக்காதே. காய்ச்சல்ல படுத்து எழுந்தவர், ஊர்த் திருவிழாவுக்குப் போய் பத்து நாள் கழிச்சு வந்தவர், எல்லாருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஒரு வாரம் வெயில் படாம இருந்தாலே உடம்பு மறக்க ஆரம்பிச்சுடும். இவங்களுக்கு முதல் நாள் பாதி வேலை, அடுத்த நாள் கொஞ்சம் கூட, நாலாவது நாள் முழுசா.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்களைப் பத்தித் தனியா சொல்லணும். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில ரெண்டு நாள் நின்னுக்கிட்டே வந்திருப்பான். தூக்கம் இல்ல, சாப்பாடு சரியில்ல, தண்ணியும் பத்தியிருக்காது. சென்ட்ரல்ல இறங்கின மறுநாள் காலைல அவனை மொட்டை மாடியில ஏத்தி ஜல்லி தூக்கச் சொன்னா என்ன ஆகும்? ஒரு நாள் முழுக்கத் தூங்க விடு. அந்த நாளுக்கும் கூலி கொடு. பழகுற நாளுக்குக் கூலியைப் பிடிச்சா, எவனும் உடம்பு முடியலன்னு வாயைத் திறக்க மாட்டான். மறைச்சுக்கிட்டு நிப்பான், நின்ன இடத்துலயே விழுவான்.

மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை மட்டும் கத்துக்கொடு: "சக்கர்". ஹிந்தியில தலை சுத்துதுன்னு அர்த்தம். அந்தப் பையன் அதைச் சொன்னா, வேலையை விட்டுட்டு அவனைத்தான் பாக்கணும்.

2. தண்ணிக்குக் கணக்கு இருக்கு

"தாகம் எடுத்தா குடிப்பாங்க"ன்னு நினைக்காதே. கடுமையா உழைக்கும்போது தாகம் லேட்டாத்தான் தெரியும், அதுக்குள்ள உடம்பு வத்த ஆரம்பிச்சிருக்கும்.

கணக்கு இதுதான். பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி. மணிக்கு முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர். பத்துப் பேர் எட்டு மணி நேரம் வேலை செஞ்சா 60 முதல் 80 லிட்டர் வேணும். 20 லிட்டர் கேன் நாலு. உன் சைட்ல எத்தனை கேன் வருது? ஒண்ணுன்னு சொன்னேன்னா எனக்கு ஆச்சரியமே இல்ல.

அதுக்காக ஒரேயடியா மடமடன்னு குடிக்கவும் கூடாது. மணிக்கு ஒண்ணரை லிட்டருக்கு மேல போனா ரத்தத்துல இருக்கிற உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. இதுதான் சட்டம்.

இன்னும் சில விஷயம்:

- தண்ணி வேலை நடக்கிற இடத்துல இருக்கணும். ரெண்டாவது மாடியில செங்கல் வைக்கிறவர் தண்ணிக்காகச் சாரம் இறங்கி, குடிச்சுட்டு மறுபடி ஏற மாட்டார். "அப்புறம் குடிக்கலாம்"னு மதியச் சாப்பாடு வரைக்கும் இழுத்துடுவார். தளத்து மேலயே நிழல் பார்த்து ஒரு மண்பானை வை, சுத்தி ஈரச் சாக்கு கட்டு.
- பிளாஸ்டிக் கேனை வெயில்ல நிக்க வைக்காதே. சுடுதண்ணியை யாரும் ஆசையா குடிக்க மாட்டாங்க.
- மேஸ்திரி போன்ல இருபது நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வைக்கச் சொல்லு. வயசான ஆள் ஒருத்தரைத் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்குன்னே நிறுத்து. அவருக்கும் கனமான வேலை மிச்சம்.
- கியூரிங்குக்கு வச்சிருக்கிற போர் தண்ணியைக் குடிக்கச் சொல்லாதே. காங்கிரீட்டுக்குக் குறைஞ்சது ஏழு நாள் மறக்காம தண்ணி விடுறோம். அதைச் சுமந்து கொட்டின மனுஷிக்கு நல்ல தண்ணி கொடுக்க மறந்தா அது என்ன நியாயம்?

3. கழிப்பறை கட்டாம தண்ணியை மட்டும் வைக்காதே

இந்த இடத்துல கோபமாவே பேசுறேன், பொறுத்துக்கோ.

சித்தாள் வேலைக்கு வர்ற பெண்கள்ல நிறையப் பேர் தண்ணி குடிக்காததுக்குக் காரணம் தாகம் இல்லாதது இல்ல, ஒதுங்க இடம் இல்லாததுதான். விடியக்காலைல வீட்டுல போயிட்டு வந்தா, சாயங்காலம் வீடு திரும்புற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பாங்க. அடக்க முடியணும்னா குடிக்கக் கூடாது. அதனால நீ நாலு கேன் இறக்கினாலும் அவங்க டம்ளரைத் தொட மாட்டாங்க. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் எல்லாம் இப்படித்தான் வந்து சேருது. தூத்துக்குடி உப்பளத்துலயும் பெண்களோட கதை இதேதான். கண்ணுக்கு எட்டுற தூரம் மட்டும் வெள்ளை வெளேர்னு பாத்தி, மேலேயும் கீழேயும் கூசுற வெயில், ஒதுங்க ஒரு மறைவு கிடையாது.

அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே தற்காலிகக் கழிப்பறை ஒண்ணு போடு. ஒரு குழி, ஒரு பீங்கான், நாலு பக்கமும் தகரம், உள்பக்கம் தாழ்ப்பாள், பக்கெட், மக், குப்பைக்கூடை. தாழ்ப்பாள் ரொம்ப முக்கியம், அது இல்லன்னா அந்தக் கழிப்பறை இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். மாதவிடாய் நாள்ல வேலைக்கு வர்றவங்களை நினைச்சுத்தான் குப்பைக்கூடையைச் சொல்றேன். மனை சின்னது, இடமே இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நீயே போய்ப் பேசி ஏற்பாடு பண்ணு. "கேட்டுக்கோங்கம்மா"ன்னு அந்தச் சித்தாள் பெண்கள் தலையில கட்டாதே. முன்னபின்ன தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி இதைக் கேட்க யாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும்.

உடம்புல தண்ணி இருக்கா இல்லையான்னு பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா சரி. அடர் மஞ்சளா, எண்ணெய் மாதிரி இருந்தா உடனே குடிக்கணும். கடுங்காப்பி நிறத்துல போச்சுன்னா தசை சிதைஞ்சு சிறுநீரகத்தை அடைக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி. இதை எல்லாருக்கும் வெளிப்படையா சொல்லிவை, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

4. எது குடிக்கலாம், எது வேண்டாம்

ஒரு மணி, ரெண்டு மணி நேர வேலைக்கு வெறும் தண்ணி போதும். நாள் முழுக்க வேர்த்தா உப்பும் போகும், அதை ஈடு கட்டணும். நல்ல வேளையா நம்ம ஊர்ல இதுக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதே இல்ல.

- உப்புப் போட்ட நீர்மோர் முதல் இடம். பதினோரு மணிக்கு ஒரு சொம்பு. பழைய சோத்து நீராகாரமும் கம்பங்கூழும் அதே தரம். காலைல இதைக் குடிச்சுட்டு வர்றவங்களைக் கிண்டல் பண்ணாதே, அவங்க சரியாத்தான் சாப்பிடுறாங்க.
- எலுமிச்சைச் சாறுல சர்க்கரையோட உப்பும் சேர்த்துக் கொடு. உப்பு விட்டுப்போனா பாதிப் பலன்தான்.
- இளநீர் நல்லது. ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. வேர்வையில போறது சோடியம். அதனால இளநீரை மட்டும் நம்பாதே, சாப்பாட்டுல உப்பு இருக்கணும்.
- ஓஆர்எஸ் பாக்கெட் சைட்ல எப்பவும் பத்து இருக்கட்டும். பெரிய பாக்கெட்டுக்குச் சரியா ஒரு லிட்டர் தண்ணி. ஒரு டம்ளர்ல முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குடிக்கிறவங்க இருக்காங்க, அது கெடுதல். சின்னப் பாக்கெட்டுக்கு அளவு வேற, உறையைப் படி. கலக்கினதை மறுநாளைக்கு வைக்காதே. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
- டப்பாவுல அடைச்சு "ஓஆர்எஸ்"னு பேர் போட்டு வித்த இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்தவங்க ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதுக்கும் அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கு. மருந்துக்கடையில உலக சுகாதார நிறுவன அளவுன்னு உறையில எழுதியிருக்கிற தூள் பாக்கெட்டா கேட்டு வாங்கு.
- கலர், எனர்ஜி டிரிங்க் வேண்டாம். டீ ரெண்டு வேளை குடிக்கட்டும், தப்பில்ல, ஆனா அது தண்ணிக்குப் பதில் ஆகாது.
- வெறும் உப்பை வாயில போட்டு முழுங்கக் கூடாது. குமட்டி வாந்தி எடுத்தா இருக்கிற தண்ணியும் போச்சு.
- முந்தின ராத்திரி சாராயம் குடிச்சவருக்கு மறுநாள் வெயில் இன்னும் ஆபத்து. அவருக்குப் புத்திமதி சொல்லிக்கிட்டு நிக்காம, அன்னைக்கு நிழல் வேலை கொடு.

பிரஷர், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க உப்பு, ஓஆர்எஸ் விஷயத்துல டாக்டரைக் கேட்டுக்கணும்.

5. நேரத்தை மாத்து

12 மணியில இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை கிடையாதுன்னு சொல்லிடு. காலைல ஆறுல இருந்து பதினொண்ணு, சாயங்காலம் மூணரையில இருந்து ஆறரை. நடுவுல உள்பூச்சு, ஒயரிங்குக்குச் சுவர் உடைக்கிறது, டைல்ஸ்னு கூரைக்குக் கீழே இருக்கிற வேலையை வச்சுக்கோ.

ஆனா நேரத்தை மாத்துறதுக்கு முன்னாடி சித்தாள் பெண்களைக் கேளு. ஆறு மணிக்கு வரணும்னா மூணரைக்கு எழுந்து சமைக்கணும், முதல் பஸ் எத்தனைக்குன்னு பாக்கணும். மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டு வரவும் முடியாது. நடு நேரத்துல படுக்க நிழலான இடம் கொடுத்தாத்தான் இந்த ஏற்பாடு நிக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க காலை ஆறு மணிக்குச் சத்தம்னு சண்டைக்கு வருவாங்க. முதல் ஒரு மணி நேரம் சத்தம் இல்லாத வேலையா பார்த்துக் கொடு, போய் ரெண்டு வார்த்தை தன்மையாவும் பேசு.

தளம் போடுற நாள்தான் பெரிய கண்டம். ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, மிக்ஸர் ஓடிக்கிட்டே இருக்கும், யாரும் உட்கார மாட்டாங்க. விடியறதுக்கு முன்னாடியே விளக்கு போட்டு ஆரம்பிக்கச் சொல்லு, இல்லன்னா சாயங்காலம் வச்சுக்கோ. ரெண்டு செட் ஆள் போட்டு மாத்தி மாத்தி உட்கார வை. மேஸ்திரி முணுமுணுத்தா, காங்கிரீட்டைக் கொட்டும்போது அதோட வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 7861 சொல்லுதுன்னு சொல்லு. உச்சி வெயில்ல போட்டா தளமும் வெடிக்கும். மனுஷங்களுக்காகக் கேட்காத மேஸ்திரி தளத்துக்காகவாவது கேட்பார்.

காலண்டரைப் பார்த்து ஏமாறாதே. கத்திரி மே 4-ஆம் தேதி வாக்குல ஆரம்பிச்சு 28 வாக்குல முடியும். சென்னையில 45 டிகிரி பதிவானது 2003 மே மாசத்தோட கடைசி நாள்கள்ல, கத்திரி முடிஞ்ச பிறகு. கடற்காத்து லேட்டா வர்ற ஜூன் நாள்களும் கொடுமைதான். இன்னொண்ணு, வேலூர்ல, கரூர்ல 40 டிகிரின்னா பயப்படுற நீ, சென்னையில, நாகப்பட்டினத்துல 37-ன்னா "இன்னைக்குப் பரவால்ல"ன்னு சொல்றே. காத்துல ஈரம் இருந்தா வேர்வை வழியும், காயாது. காயாத வேர்வையால ஒரு பயனும் இல்ல. வானிலை ஆய்வு மையமே வெப்ப அலைக்குச் சமவெளியில 40, கடலோரத்துல 37-ன்னு தனித்தனி அளவு வச்சிருக்கு.

6. நிழல்னா காத்து வர்ற நிழல்

தகரக் கொட்டகை நிழல் இல்ல, அடுப்பு. கீத்துப் பந்தல் போடு, இல்லன்னா ரெண்டு அடுக்குப் பச்சை நெட். நாலு பக்கமும் திறந்து இருக்கணும். நீலத் தார்ப்பாயைத் தலைக்கு மேல தாழக் கட்டினா கீழே புழுங்கும். சித்தாள் அக்கா கைக்குழந்தையோட வந்தா, தூளி எங்கே கட்டியிருக்குன்னு போய்ப் பாரு. மேலே தகரம் இருந்தா உடனே மாத்து. குழந்தைக்குச் சூடு பெரியவங்களைவிட வேகமா ஏறும், அதுக்குச் சொல்லவும் தெரியாது.

சைட்லயே தங்குற பிள்ளைங்களுக்கு ராத்திரியும் முக்கியம். பகல்ல ஏறின சூடு ராத்திரித் தூக்கத்துலதான் இறங்கணும். தகர ஷெட்டுல பத்துப் பேர் ஒரு ஃபேனுக்குக் கீழே படுத்தா எப்படி இறங்கும்? தகரத்து மேல கீத்து போடு, இன்னும் ரெண்டு ஃபேன் வாங்கு. தளம் போட்டாச்சுன்னா அங்கே படுக்க விடு.

7. உடுப்பு

தொளதொளன்னு வெளிர் நிறப் பருத்தி, முழுக்கை. சித்தாளுங்க புடவைக்கு மேல வீட்டுக்காரரோட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வருவாங்களே, அது நல்ல யோசனை, பருத்தியா இருந்தா. பாலியஸ்டர் டி-ஷர்ட் கம்பெனி விளம்பரத்தோட சும்மா வருதுன்னு வாங்கி மாட்டிவிடாதே. ஹெல்மெட்டைக் கழட்ட விடாதே, உள்ளே ஈரப் பருத்தித் துணி வச்சுக்கட்டும். கழுத்துல ஈரத் துண்டு.

8. இவங்களைத் தனியா கவனி

கர்ப்பிணிகள் முதல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துப் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிகளைக் கவனிச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2024-ல வெளியிட்டாங்க. வயல், செங்கல் சூளை, உப்பளம்னு கடும் வெப்பத்துல வேலை செஞ்சவங்களுக்குக் கரு கலையுற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு அதுல தெரிஞ்சுது. கர்ப்பமா இருக்கிறதைச் சொன்னா வேலை போயிடும்னு பயந்து மறைப்பாங்க. வேலையை விட்டு நிறுத்த மாட்டேன், நிழல் வேலை தர்றேன்னு நீ முன்கூட்டியே சொன்னாத்தான் வாயைத் திறப்பாங்க.

அடுத்தது பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுறவங்க, சுகர் இருக்கிறவங்க, மனநல மருந்து எடுக்கிறவங்க. சில மருந்து உடம்புல நீரைக் குறைக்கும், சிலது வேர்க்க விடாது. மாத்திரையை அவங்களா நிறுத்தக் கூடாது, கோடைக்கு அளவு மாத்தணுமான்னு டாக்டரைக் கேட்கச் சொல்லு.

காண்ட்ராக்ட் கணக்குல, இத்தனை அடிக்கு இவ்வளவுன்னு கூலி பேசினவங்களும் இந்தப் பட்டியல்ல உண்டு. உட்கார்ந்தா காசு போகும்னு உட்காரவே மாட்டாங்க. ரேட் பேசும்போதே ஓய்வு நேரத்தைச் சேர்த்துப் பேசு.

9. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போடு

தனக்கு வெயில் தாக்கியிருக்குன்னு அந்த ஆளுக்கே தெரியாது, பக்கத்துல இருக்கிறவருக்குத்தான் தெரியும். காலைலயே யாரு யாரைப் பாத்துக்கணும்னு சொல்லிடு. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

கெண்டைக்கால்ல, வயித்துல பிடிச்சு இழுத்தா வேலையை நிறுத்து, நிழல்ல உட்கார வச்சு உப்பு மோர் கொடு. தலைவலி, குமட்டல், தலைசுத்தல், உடம்பு சில்லுன்னு பிசுபிசுத்தா படுக்க வை, காலைத் தூக்கி வை, உடுப்பைத் தளர்த்து, ஈரத் துணி போடு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடு. அரை மணி நேரத்துல தெளியலன்னா ஆஸ்பத்திரி. தெளிஞ்சாலும் அன்னைக்கு அவருக்கு வேலை முடிஞ்சுது, தனியா பஸ் ஏத்தி அனுப்பாதே.

பேச்சு குழறினா, நடை தள்ளாடினா, சம்பந்தம் இல்லாம பேசினா, ஆளைப் பார்த்து எரிஞ்சு விழுந்தா, வலிப்பு வந்தா, நினைவு தப்பினா, அது ஹீட் ஸ்ட்ரோக். இந்த இடத்துலதான் உயிர் போகுது, ஏன்னா பார்க்கிறவங்க "குடிச்சுட்டு வந்திருக்கான், ஓரமா படுக்கப் போடு"ன்னு விட்டுடுறாங்க. வெயில்ல தள்ளாடுற எந்த ஆளையும் குடிகாரன்னு முடிவு கட்டாதே. "வேர்க்குதே, அப்போ ஒண்ணும் இல்ல"ன்னும் சொல்லாதே. உழைக்கும்போது வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வேர்த்துக்கிட்டேகூட இருக்கும்.

10. விழுந்துட்டா

முதல்ல குளிர்வி, அப்புறம் வண்டி. ஒருத்தர் 108-க்குப் போன் பண்ணும்போதே மத்தவங்க தண்ணி ஊத்த ஆரம்பிச்சுடணும். ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்காதே. அரை மணி நேரத்துக்குள்ள சூடு இறங்கினா பிழைக்க வாய்ப்பு அதிகம், தாமதமாக ஆக மூளை போகும்.

கட்டட சைட்ல உனக்கு ஒரு வசதி இருக்கு. ஹோஸ், சம்ப், டிரம்னு தண்ணிக்குப் பஞ்சம் இல்ல. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், சட்டையைக் கழட்டி, தலையில இருந்து கால் வரைக்கும் ஊத்திக்கிட்டே இரு. கவனம், வெயில்ல கிடந்த ஹோஸ்ல முதல்ல வர்றது கொதிக்கிற தண்ணி. அதைத் தரையில விட்டுட்டு, கை வச்சுப் பார்த்து, அப்புறம் ஆள் மேல பிடி. மாடி டேங்க் தண்ணியும் மத்தியானம் சுடும், சம்ப் தண்ணிதான் நல்லது. அட்டையால விசிறு, ஃபேன் இருந்தா போடு. ஐஸ் கிடைச்சா துணியில சுத்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வை. முகத்துல மட்டும் தெளிச்சா சூடு இறங்காது.

பெண்ணா இருந்தா தொடத் தயங்கி நின்னு நேரத்தை விடாதீங்க. ரெண்டு பெண்கள் புடவையை மறைப்பா பிடிக்கட்டும், கட்டின துணியோடவே நனைக்கட்டும்.

நினைவு தெளிவா இல்லாதவங்க வாயில தண்ணி, ஜூஸ், எதையும் ஊத்தாதே, மூச்சுக்குழாய்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வை. கையில சாவி கொடுக்கிறது, வெங்காயம் மோந்து பார்க்கச் சொல்றது எல்லாம் நேரத்தைத் தின்னும். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரையால இந்தச் சூடு இறங்காது.

108-ல "எந்த இடம்?"னு கேட்பாங்க. உன் மனைக்குக் கதவு எண்ணே வந்திருக்காது, ஒடிசாப் பையனுக்குத் தெரு பேரும் தெரியாது. ஒரு தகரத்துல தெரு, பக்கத்துல இருக்கிற கோயில் இல்லன்னா கடை, 108, உன் நம்பர், இத்தனையும் பெரிய எழுத்துல தமிழ்லயும் ஹிந்தியிலயும் எழுதி வாசல்ல மாட்டு. ஒரு நூறு ரூபாய் வேலை, இன்னைக்கே முடி.

வீடு கட்டாதவங்க தப்பிச்சோம்னு இருக்காதீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ ஆர்டர் பண்ற பிரியாணியையும் ஒருத்தர் வெயில்லதான் கொண்டு வர்றார். சென்னை மாநகராட்சி 2025-ல அண்ணா நகர்ல டெலிவரி ஊழியர்களுக்குன்னு ஏசி ஓய்வறை திறந்துச்சு, நல்ல வேலை. உன் அபார்ட்மென்ட் வாசல்லயும் நிழல்ல ஒரு பெஞ்ச், ஒரு பானை தண்ணி போடலாமே. டெலிவரி ஆளுங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கிற அசோசியேஷன்ல நீ உறுப்பினரா இருந்தா, அடுத்த மீட்டிங்ல அதைக் கழட்டச் சொல்லு.

காசு விஷயமும் சொல்லிடறேன். வெப்ப அலையை மாநிலப் பேரிடரா தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல அறிவிச்சிருக்கு. வெயிலால இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. மரணத்துக்குக் காரணம் வெயில்தான்னு உறுதியாகணும், அதனால "நெஞ்சுவலி"ன்னு யாரோ சொன்னதோட விடாம, வெயில்ல வேலை செஞ்சப்போ விழுந்தார்னு ஆஸ்பத்திரியில தெளிவா சொல்லணும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணாதவங்க உன் சைட்ல இருந்தா, ஒரு அரை நாள் லீவு கொடுத்துப் பதிவு பண்ணிட்டு வரச் சொல்லு. பேரிடர் உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077. உடம்பு சம்பந்தமான சந்தேகத்துக்கு 104.

இத்தனையும் ஒரே நாள்ல செய்யச் சொல்லல. நாளைக்குக் காலைல மேஸ்திரிக்குப் போன் பண்ணி மூணே கேள்வி கேளு: இந்த வாரம் புதுசா யார் வந்திருக்காங்க? தண்ணி கேன் எத்தனை இறங்கியிருக்கு? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கா? பதில் சரியா வரலன்னா, ஆபீஸ் போற வழியில சைட்ல இறங்கிட்டுப் போ.